முற்று எத்தனை?

ஒன்பதே சொற்கள் உள்ள ஓர் ஆங்கில வாக்கியம் பல வருடங்களாக என்னை விடாமல் இருக்கிறது. அதில் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. 'தி வொர்க்கர்ஸ் வார்ண்ட் அபவுட் தி லீக் லெஃப்ட் தி பில்டிங்.' அவ்வளவுதான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் நான் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. ஒரு தொழிற்கூடத்தில் வாயு கசிந்ததைப் பற்றிய அறிக்கை கைக்கு வந்திருந்தது. அழுத்தம், வால்வு, குழாய் என்று கடினமான பகுதிகளையெல்லாம் அகராதியைப் புரட்டிப் புரட்டி முடித்துவிட்டேன். இந்த வாக்கியத்துக்கு அகராதி தேவைப்படவில்லை. படித்த வேகத்தில் எழுதினேன்: 'கசிவைப் பற்றி எச்சரித்த தொழிலாளர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள்.' அடுத்த வாக்கியம் இன்னும் எளிது. 'தி ரெஸ்ட் ஸ்டேய்ட் இன்சைட்.' மற்றவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

என் தமிழை மட்டும் படிக்கிற ஒருவர் என்ன நினைப்பார்? சிலர் ஆபத்தைக் கண்டுபிடித்தார்கள், மற்றவர்களிடம் சொன்னார்கள், வெளியேறினார்கள். மற்றவர்கள் சொன்னதைக் கேட்டும் அசையவில்லை. அப்படியானால் உள்ளே இருந்தவர்களுக்கு நேர்ந்ததற்கு அவர்களே பொறுப்பு என்று ஆகிவிடும். மூல அறிக்கை சொன்னது இதற்கு நேர் எதிரானது. சிலருக்கு மட்டும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, அவர்கள் வெளியேறினார்கள். மற்றவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். 'எச்சரித்த' என்று நான் எழுதிய இடத்தில் 'எச்சரிக்கப்பட்ட' என்று இருந்திருக்க வேண்டும். தமிழில் இரண்டுக்கும் வித்தியாசம் நான்கைந்து எழுத்துதான். ஆனால் அந்த நான்கைந்து எழுத்துக்குள் குற்றம் ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்குப் போய்விட்டது.

சரிபார்க்கும் கட்டத்தில் இது பிடிபட்டது, வெளியே போகவில்லை. எங்கள் குழுவில் பிழை திருத்தும் மூத்தவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அக்கா. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வாக்கியத்தை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதினார். எனக்கு ஆங்கில இலக்கண விளக்கம் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். பார்ட்டிசிபிள், பாஸிவ் என்று வரும், தலையாட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: 'இதுல முற்று எத்தனை இருக்குன்னு சொல்லு.'

எனக்கு உடனே பதில் வரவில்லை. முற்று என்பது தமிழ் இலக்கண வகுப்பில் கேட்ட சொல், வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை. முடிக்காமல் இன்னொரு சொல்லுக்காக நிற்பது எச்சம். வினைமுற்று, பெயரெச்சம், வினையெச்சம் என்று தேர்வுக்குப் படித்தோம், மதிப்பெண் வாங்கினோம். அந்தச் சொல்லை ஓர் ஆங்கில வாக்கியத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. 'ரெண்டு' என்றேன். வார்ண்ட் ஒன்று, லெஃப்ட் ஒன்று. 'ரெண்டு முற்று பக்கத்துல பக்கத்துல வந்தா நடுவுல சேர்க்கிறதுக்கு என்ன இருக்கு? ஆண்ட் இருக்கா? ஹூ இருக்கா?' இல்லை. 'அப்போ ஒண்ணு முற்று இல்ல. எச்சம். எது எச்சம்?'

அந்த நிமிடம் தாளில் இருந்த வாக்கியம் என் கண்ணெதிரே உருமாறியது. லெஃப்ட் வாக்கியத்தின் முதுகெலும்பாக நிமிர்ந்து நின்றது. வார்ண்ட், தொழிலாளர்களைப் பற்றிச் சொல்கிற வெறும் அடைமொழியாகச் சுருங்கிப்போனது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. நான் பார்த்த பார்வைதான் மாறியிருந்தது.

ஏன் தப்பாகப் படித்தேன்

இதை அன்று அதோடு விட்டிருக்கலாம். திருத்திக் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படித்த ஒருவருக்கு, எல்லாச் சொல்லும் தெரிந்த ஒரு வாக்கியம் எப்படித் தலைகீழாகப் புரிந்தது என்ற கேள்வி மனதில் தங்கிவிட்டது. கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை, ஏனென்றால் கவனமாகத்தான் படித்திருந்தேன். மெதுவாகப் புரிந்தது இதுதான்: நான் ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொழிலாளர், எச்சரிக்கை, கசிவு, வெளியேறுதல், கட்டடம். இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு இவற்றுக்குள் என்ன நடந்திருக்கும் என்று என் அறிவைக்கொண்டு கோத்துவிட்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், தமிழிலிருந்துதான். தமிழில் அது தவறான பழக்கமும் இல்லை. 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் 'துரத்தியது பூனையை நாய்' என்றாலும் ஓடுவது பூனைதான். பூனையின் முதுகில் 'ஐ' என்ற உருபு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கே போனாலும் தன் வேலையைச் சொல்லும் அடையாளச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் நம் செய்யுளில் சொற்கள் அவ்வளவு தாராளமாக இடம் மாறுகின்றன. செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர், பவணந்தியார் நன்னூலில் அதை எட்டு என்று வகுத்து வைத்தார். அதில் கொண்டுகூட்டு என்று ஒன்று: பாட்டின் பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்து, பொருளுக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்வது. அப்படிச் சேர்க்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் உருபும் விகுதியும் கையைப் பிடித்து வழிகாட்டுவதுதான். நான் ஆங்கில வாக்கியத்துக்கும் கொண்டுகூட்டுத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே வழிகாட்ட உருபு இல்லை.

'தி டாக் சேஸ்ட் தி கேட்.' நாயையும் பூனையையும் இடம் மாற்றிப் போடுங்கள். சொல் எதுவும் மாறவில்லை, ஓடுவது மட்டும் இப்போது நாய். நாய் என்ற சொல்லிலும் பூனை என்ற சொல்லிலும் எந்த அடையாளமும் இல்லை. வினைக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் செய்தவர் அவர், பின்னால் இருக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பட்டவர் அவர். ஆங்கிலத்தில் இடம்தான் வேற்றுமை உருபு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதை நான் ஒரு வழக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தமிழில் வினை கடைசியில், ஆங்கிலத்தில் நடுவில், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். தமிழில் வரிசை பெரும்பாலும் அழுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆங்கிலத்தில் வரிசையே பொருள்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் நெருக்கமாகவும் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமைகள் இருந்தன. இன்று 'தி' என்று ஒரே வடிவில் நிற்கும் சொல்லுக்குப் பதிலாக அன்று வேலைக்குத் தகுந்தபடி உருமாறும் சொல் இருந்தது: அரசன் எழுவாயாக வந்தால் 'சே கூனிங்', செயப்படுபொருளாக வந்தால் 'தோனே கூனிங்'. அதனால் அன்றைய ஆங்கிலத்தில் சொற்களை இன்றைவிடத் தாராளமாக நகர்த்த முடிந்தது. பிறகு சொல்லின் கடைசி அசைகள் பேச்சில் மங்கிக் கரைந்தன. வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களோடு கலந்து பேசியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே இந்தத் தேய்மானம் தொடங்கிவிட்டது, அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தது. உருபுகள் உதிர உதிர, அவை சுமந்த வேலையை இடம் எடுத்துக்கொண்டது. உதிராமல் மிஞ்சியவை சில மறுபெயர்கள்: ஹி, ஹிம், தே, தெம், ஹூ, ஹூம். 'ஹிம்' என்பதைப் பார்க்கும்போதெல்லாம் 'அவனை' என்ற நம் சொல்லின் தூரத்துச் சொந்தம் மாதிரி எனக்குத் தோன்றும். மொழிக்குடும்பத்தால் அல்ல, செய்கிற வேலையால்.

பெயருக்குப் பின்னால் வரும் எச்சம்

சரி, இடம்தான் உருபு என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஒன்பது சொல் வாக்கியம் ஏன் ஏமாற்றியது? வொர்க்கர்ஸ் வினைக்கு முன்னால்தானே இருந்தார்கள்? ஏமாற்றியது வார்ண்ட். ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு இறந்தகால முற்றும் எச்சமும் ஒரே உருவம். 'எச்சரித்தார்கள்' என்றாலும் வார்ண்ட், 'எச்சரிக்கப்பட்ட' என்றாலும் வார்ண்ட். தமிழில் இறந்தகால முற்றையும் எச்சத்தையும் குழப்பவே முடியாது. 'எச்சரித்தார்கள்' என்றால் வாக்கியம் அங்கே நிற்கும். 'எச்சரித்த' என்றால் காது அடுத்து ஒரு பெயரை எதிர்பார்த்துக் காத்திருக்கும். எச்சம் என்ற பேரே அதற்குத்தானே வந்தது, சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது என்று. நம் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும்: வந்த பையன், படித்த புத்தகம், எச்சரிக்கப்பட்ட தொழிலாளர்கள். ஆங்கிலத்தில் நீளமான எச்சத் தொடர் பெயருக்குப் பின்னால் வருகிறது. பெயருக்குப் பின்னால் எச்சம் உட்கார்ந்திருக்கும் என்று நம் காது எதிர்பார்ப்பதே இல்லை. பெயர் வந்தது, அடுத்து வினை போல ஒன்று வந்தது, அப்படியானால் அதுதான் முற்று என்று முடிவுகட்டிவிடுகிறோம். என் மொழிபெயர்ப்பில் ஒரு விநோதம் உண்டு. தமிழில் எழுதும்போது நானும் 'எச்சரித்த' என்று எச்சமாகத்தான் மாற்றினேன். இரண்டு முற்றை ஒட்டவைக்க முடியாது என்று என் தமிழ்க் காதுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எச்சரித்தது தொழிலாளர்கள்தான் என்று மனம் முன்பே முடிவு செய்துவிட்டதால் செய்வினை எச்சம் வந்து விழுந்துவிட்டது.

இங்கே அக்கா சொல்லிக்கொடுத்த ஒரு சோதனையை எழுதியே ஆக வேண்டும், இன்றுவரை எனக்குக் கைகொடுப்பது அது. சந்தேகமான வினையை எடுத்துவிட்டு, முற்றும் எச்சமும் வேறுவேறு உருவம் உள்ள ஒரு வினையை அந்த இடத்தில் வைத்துப் பார். ஷோ என்ற வினைக்கு முற்று ஷோட், எச்சம் ஷோன். 'தி வொர்க்கர்ஸ் ஷோன் தி லீக் லெஃப்ட் தி பில்டிங்': கசிவு காட்டப்பட்ட தொழிலாளர்கள் வெளியேறினார்கள். சரியாக உட்காருகிறது. ஷோட் என்று வைத்தால் லெஃப்ட் அந்தரத்தில் தொங்குகிறது. ஆக அந்த இடம் எச்சத்துக்கு உரியது. கிவ் என்பதற்குக் கேவ், கிவன்; டேக் என்பதற்கு டுக், டேகன்; இப்படி ஒன்றிரண்டைக் கையில் வைத்திருந்தால் போதும்.

ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்தது எனக்குப் பெரிய விடுதலை. தாமஸ் பெவர் என்ற அமெரிக்க மொழி உளவியலாளர் 1970இல் ஒரு கட்டுரையில் எழுதிய வாக்கியம் அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: 'தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.' படித்துக்கொண்டே போனால் குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது என்று நிம்மதியாகப் புரிகிறது, கடைசியில் 'ஃபெல்' வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கிறது. களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதுதான் பொருள். ரேஸ்ட் எச்சம், ஃபெல் முற்று. என் வாக்கியத்தின் அதே எலும்புக்கூடு. தோட்டத்துப் பாதை வாக்கியம் என்று இந்த வகைக்குப் பெயர், அழகான பாதையில் கூட்டிக்கொண்டு போய் முட்டுச்சந்தில் விட்டுவிடுகிற வாக்கியம். மனிதமனம் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை, ஒவ்வொரு சொல்லும் வரவர ஒரு கட்டமைப்பைக் கட்டிக்கொண்டே போகிறது என்பதற்கு இதைக் காட்டுவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பெவரின் வாக்கியத்தில் ஏமாந்தால் உடனே தெரிந்துவிடும், வாக்கியமே உடைந்துபோகும். எனக்கு உடையவில்லை. தமிழ் என் கோணலை நிமிர்த்தி, படிக்க நன்றாக இருக்கும் ஒரு பொய்யாக்கிக் கொடுத்துவிட்டது.

அக்காவின் கணக்கு

அதற்குப் பிறகு ஒரு மூன்று மாதம் நான் வேறு எதையும் பழகவில்லை. எந்த வாக்கியம் வந்தாலும் முதலில் முற்றைத் தேடுவது, பிறகு அந்த முற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடுவது. ஒவ்வொரு முற்றுக்கும் ஓர் எழுவாய் இருக்க வேண்டும். 'ஆண்ட்' போட்டு இரண்டு முற்றுகள் ஒரே எழுவாயைப் பங்குபோட்டுக்கொள்ளலாம், ஏவலில் எழுவாய் மறைந்திருக்கலாம், மற்றபடி தனி முற்று கிடையாது. இந்த ஜோடிகளை எண்ணிவிட்டால் அரைப்பக்கம் நீளும் வாக்கியமும் அடங்கிவிடும். 'தி மேன் ஐ மெட் லெஃப்ட்' என்று ஐந்து சொல்லில் ஒரு வாக்கியம். மெட், லெஃப்ட் இரண்டும் முற்றுதான், நடுவில் இணைப்பும் இல்லை. அக்காவின் விதி உடைந்துவிட்டது என்று ஓடிப்போய்க் காட்டினேன். 'ஜோடியை எண்ணு' என்றார். மேன் லெஃப்ட் ஒரு ஜோடி, ஐ மெட் ஒரு ஜோடி. மேன் என்று ஒரு பெயர் முடிந்தவுடன் காற்புள்ளிகூட இல்லாமல் 'ஐ' என்று இன்னோர் எழுவாய் தொடங்கினால், அங்கே ஒரு ஹூம் அல்லது தட் மறைந்திருக்கிறது. நான் சந்தித்த மனிதர் போய்விட்டார். இரண்டு பெயர்கள் சம்பந்தமில்லாமல் ஒட்டி நின்றால் அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கண்ணோடு பார்க்கப் பார்க்க, தனித்தனி விதிகளாகத் தெரிந்தவை ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் அந்த 'இட்' யார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அது அப்படித்தான் என்று பதில் கிடைத்தது. அது யாருமில்லை. ஆங்கில முற்றுக்கு முன்னால் உள்ள நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, அதனால் ஆளில்லாவிட்டாலும் ஒருவரை உட்காரவைக்கிறார்கள். 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் நமக்கு வாக்கியம் முடிந்துவிடுகிறது, வினையின் வாலிலேயே நான் இருக்கிறேன். ஆங்கில வினைக்கு அந்த வால் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. ஆம், இஸ், ஆர் என்று உருமாறும் பி என்ற வினையை விட்டுவிட்டால், நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் 'எஸ்' ஒன்றுதான் மிச்சம்: ஐ கம், ஹி கம்ஸ். அந்த எஸ்ஸை ஒரு தொல்லை பிடித்த விதியாகவே எனக்குக் கற்பித்தார்கள், விட்டால் மதிப்பெண் போகும் என்று. அது ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் விகுதி என்று யாராவது சொல்லியிருந்தால் நான் ஒருபோதும் விட்டிருக்க மாட்டேன்.

படமாக வரைந்து பார்க்கும் வழியையும் அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன். ரீட், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் 1877இல் வெளியிட்ட முறை. ஒரு கிடைக்கோடு போட வேண்டும். இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் முற்று, இரண்டுக்கும் நடுவே கோட்டை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு நிமிர்ந்த கோடு. முற்றுக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே உள்ள கோடு கிடைக்கோட்டோடு நின்றுவிடும், வெட்டாது. அடைமொழிகள் எல்லாம் சாய்ந்த கோடுகளில் கீழே தொங்கும். வொர்க்கர்ஸ் வாக்கியத்தை அப்படி வரைந்தேன். மேல் கோட்டில் வொர்க்கர்ஸ், லெஃப்ட், பில்டிங் என்று மூன்றே சொல். வார்ண்ட் அபவுட் தி லீக் முழுவதும் வொர்க்கர்ஸுக்குக் கீழே தொங்கியது. இந்த முறை பழையது, மொழியியலாளர்கள் இன்று மரவரைபடம் போடுகிறார்கள். எனக்கு இந்தப் பழைய கோடுதான் பிடிக்கிறது. எது மேலே, எது கீழே என்று கை முடிவுசெய்தால் ஒழியப் பேனா நகராது.

வாக்கிய அமைப்புகள் எத்தனை என்ற பட்டியல்களில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஐந்து என்பார்கள், ஏழு என்பார்கள், வினைகளின் போக்கை வைத்து இருபத்தைந்து என்று வகுத்தவரும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தனக்குப் பின்னால் எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பதை வினை முடிவு செய்கிறது. ஸ்லீப் என்றால் ஒன்றும் வேண்டாம். கிவ் என்றால் இரண்டு வேண்டும். மேக் என்ற வினை ஆளுக்குத் தகுந்தாற்போல் ஆடும். 'ஐ மேட் ஹிம் எ சேர்' என்றால் அவருக்கு ஒரு நாற்காலி செய்துகொடுத்தேன். 'ஐ மேட் ஹிம் எ லீடர்' என்றால் அவரைத் தலைவராக்கினேன். அமர்ந்திருக்கும் இடங்கள் அச்சாக ஒன்றுதான். தமிழில் ஒன்று 'அவருக்கு', இன்னொன்று 'அவரை'. ஆங்கிலம் நான்காம் வேற்றுமையையும் இரண்டாம் வேற்றுமையையும் ஒரே 'ஹிம்'மில் அடக்கிவிட்டு, கண்டுபிடிக்கிற வேலையைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது.

கண்ணாடி

வேலையில் தினமும் நான் அனுபவிக்கிற இன்னொன்று உண்டு. 'என் அண்ணன் கொண்டுவந்த கடிதத்தை எழுதிய ஆசிரியர்' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் அடுக்கினால் ஆசிரியர் முதலில், எழுதிய அடுத்து, கடிதம் அதற்கடுத்து, கடைசியில் அண்ணன் கொண்டுவந்தது. கண்ணாடியில் தெரிவது போல அப்படியே திரும்பியிருக்கிறது. இது தற்செயல் இல்லை. அமெரிக்க மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பெர்க் 1963இல் வெளியிட்ட ஆய்வில் முப்பது மொழிகளை எடுத்துக்கொண்டு வரிசை ஒழுங்குகளை ஒப்பிட்டார். நம் குடும்பத்திலிருந்து கன்னடம் அதில் இருந்தது. வினை கடைசியில் வரும் மொழிகளில் மிகப்பெரும்பாலும் வேற்றுமைச் சொற்களும் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன என்று காட்டினார். மேசையின் மேல் என்று நாம், ஆன் தி டேபிள் என்று அவர்கள். வினை எங்கே நிற்கிறது என்பதோடு மற்றவையும் சேர்ந்தே திரும்பிக்கொள்கின்றன.

இதனால் இரண்டு மொழியிலும் கேட்பவரின் பொறுமை வேறுவேறாக வேலை செய்கிறது. ஆங்கிலம் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களை இழுத்துக்கொண்டே போகும். யார், என்ன செய்தார் என்பது முதல் மூன்று சொல்லுக்குள் தெரிந்துவிடும். யாரை, எப்போது, எதற்காக என்பதெல்லாம் வாலாக வரும். நீளமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளுவது அந்த மொழிக்கு இயல்பு. குறைந்ததை முன்னாலும் நீண்டதைப் பின்னாலும் வைக்கும் இந்தப் போக்கை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பெஹாகெல் 1909லேயே ஒரு விதியாக எழுதிவைத்தார். தமிழ் எல்லாக் காரணத்தையும் கையில் கொடுத்துவிட்டுக் கடைசிச் சொல்லில் தீர்ப்புச் சொல்லும். வந்தாரா, வரவில்லையா என்பது கடைசி அசைவரை தெரியாது. இந்த வேறுபாட்டை உணராமல் மொழிபெயர்த்தால் 'நான் நம்புகிறேன் அவர் வருவார் என்று' மாதிரி நொண்டித் தமிழ் வரும். ஆங்கிலம் எழுதும்போது அதே வியாதி மறுபக்கம் வரும். சூழ்நிலை, காரணம், பின்னணி எல்லாவற்றையும் முன்னால் அடுக்கிவிட்டு எழுவாய்க்கு வந்துசேர்வதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார்.

ஆங்கிலம் முழுக்க அப்படித்தான் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 'வாட்டர் பம்ப் வால்வ் டெஸ்ட் ரிப்போர்ட்' என்று பெயர்களைக் கோத்தால் அங்கே மட்டும் தலை கடைசியில் வந்துவிடுகிறது, நம்மைப் போலவே. கடைசியில் இருக்கும் ரிப்போர்ட்தான் பொருள். எதன் அறிக்கை, எந்தச் சோதனை என்று பின்னாலிருந்து முன்னால் போய்ப் படிக்க வேண்டும். தொழில்நுட்ப அறிக்கைகளில் இது பக்கத்துக்குப் பத்து வரும். இங்கே தமிழ்க் காது தடுமாறுவதில்லை. இந்த இடங்களில் எனக்கு வேலை சட்டென்று முடிந்துவிடும்.

நிறையப் படித்தால் போதும், இலக்கணம் தானாக வரும் என்று சொல்பவர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். நானும் நிறையப் படித்தவன்தான். சொல்லைப் பொறுக்கிக் கோக்கிற பழக்கத்தோடு நிறையப் படித்ததில் அந்தப் பழக்கம்தான் வேகமாயிற்று. சொல்வளம் கூடக்கூட ஊகமும் நம்பும்படியாகிறது. தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று தெரிவிக்கும் உறுத்தல்கூட வராமல் போகிறது. பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்புகள்மீதும் எனக்கு இதே வருத்தம் உண்டு. காலம் தெரிந்திருந்தது எனக்கு. லெஃப்ட் இறந்தகாலம், வார்ண்ட் இறந்தகாலம் என்று சரியாகச் சொல்லியிருப்பேன். எது முற்று என்று மட்டும்தான் சொல்லியிருக்க மாட்டேன். பிள்ளைகள் தமிழ் வகுப்பில் முற்றும் எச்சமும் உருபும் படிக்கிறார்கள், அடுத்த மணிநேரத்தில் ஆங்கில வகுப்பில் அதே விஷயத்தை வேறு பெயரில், சம்பந்தமே இல்லாததுபோலப் படிக்கிறார்கள். அந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் யாராவது ஒரே மேசைமேல் விரித்து வைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

அக்கா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். போன மாதம் இன்னோர் அறிக்கை வந்தது. அதில் ஒரு வாக்கியம்: 'தி இன்ஸ்பெக்டர் சா தி ஆபரேட்டர் வித் தி டார்ச்.' முற்று ஒன்று, எழுவாய் ஒன்று, கணக்கு சுத்தம். ஆனால் டார்ச் யார் கையில்? கோடு போட்டுப் பார்த்தேன். வித் தி டார்ச் என்பதை ஆபரேட்டருக்குக் கீழே தொங்கவிட்டாலும் சரியாக இருக்கிறது, சா என்ற முற்றுக்குக் கீழே தொங்கவிட்டாலும் சரியாக இருக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் அனுமதிக்கிறது. தமிழில் 'டார்ச் வைத்திருந்த ஆபரேட்டரை' என்றோ 'டார்ச் அடித்து' என்றோ ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் தங்க இடமில்லை. முன்பு என்றால் எது நடந்திருக்கும் என்று நானே யோசித்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். அறிக்கை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு பொருளையும் தனித்தனியாக விளக்கி. மறுநாள் பதில் வந்தது. டார்ச் இன்ஸ்பெக்டருடையது என்று சொல்லியிருந்தார். எழுதும்போது இரண்டாவது பொருள் தன் கண்ணில் படவே இல்லை என்றும், ஆங்கில மூலத்தையும் மாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தார். 'இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆபரேட்டர் தெரிந்தார்' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்தில் முற்றைத் தேட ஆரம்பித்தேன்.